சண்டை போட்டால்தான் கொடி ஏறும்

கையில் மைக். எதிரே மொத்த ஊர். பக்கத்தில் என் வீட்டுக்காரர்.

அவர் என்னைத் திட்ட வேண்டும். வாய்க்குள் முணுமுணுத்தால் போதாது. வாய்விட்டு, ஊர் கேட்க, உண்மையான கோபத்தோடு திட்ட வேண்டும். அதைக் கேட்கத்தான் இருநூறு பேர் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். நாற்காலி கிடைக்காதவர்கள் தண்ணீர் லாரியின் மேல் ஏறி நின்றார்கள்.

அவர் என் பக்கம் மெல்லக் குனிந்தார்.

"தண்ணி எடுத்தாரட்டா ரெஜி? வெயிலு நேரா மூஞ்சில அடிக்குது பாரு."

அது மைக்கில் தெளிவாகக் கேட்டது. லாரி மேல் நின்றவர்கள் 'ஊ' என்று ஊளையிட்டார்கள். எனக்கு மானம் போயிற்று.

இந்தத் தொடரை இன்றுதான் முதல்முறையாகப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் ரெஜினா. முப்பது வருஷம் கணக்கு டீச்சர், இப்போது ஓய்வு. ஊர், திருவொற்றியூருக்கும் எண்ணூருக்கும் நடுவில் இருக்கும் ஞானப்பூ மேடு. வரைபடத்தில் தேடாதீர்கள், கிடைக்காது. பஸ் கண்டக்டர்கள் 'ஜிபி மேடு' என்பார்கள். ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் வரிசையாக நிற்கும் கன்டெய்னர் லாரிகள், நடுவில் நாங்கள். காற்று கிழக்கிலிருந்து வந்தால் கருவாட்டு வாசம், மேற்கிலிருந்து வந்தால் ஆலை வாசம். காற்றே இல்லாத நாளில் இரண்டும் சேர்ந்து வரும்.

இந்த ஊரில் வருஷா வருஷம் அந்தோணியார் திருவிழாவுக்குக் கொடி ஏற்றுவது எங்கள் குடும்பத்து உரிமை. ஊரை உண்டாக்கிய மிக்கேல், ஞானப்பூ தம்பதியின் வழியில் வந்த மூத்த புருஷன் பெண்டாட்டிதான் கயிற்றைப் பிடிக்க வேண்டும். பிடிப்பதற்கு முன்னால் இருவரும் ஊர் முன்னிலையில் சண்டை போட வேண்டும். போடாவிட்டால் கொடி ஏறாது.

சிரிக்காதீர்கள். இதற்கு ஒரு வரலாறு இருக்கிறது.

அம்மிக்கல்லை மறந்த மனிதர்

மிக்கேல் என் பூட்டன். அதாவது அப்பாவின் தாத்தா. துறைமுகத்தில் கப்பல் சரக்கு இறக்கும் வேலை. ராயபுரத்தில் ஒரே ஒரு அடுப்பு இருந்த வீட்டில் பதினோரு பேர். கல்யாணமாகி இரண்டு வருஷம் அந்த அடுப்புக்கு வரிசையில் நின்ற ஞானப்பூ, ஒருநாள் காலையில் வரிசையை விட்டு வெளியே வந்து, "தனி அடுப்பு இல்லாங்காட்டி நான் எங்கம்மா வூட்டுக்குப் போறேன்" என்றாளாம்.

எண்ணூரில் உப்பளத்தில் வேலையும் தங்க இடமும் கிடைக்கும் என்று யாரோ சொன்னார்கள். வாடகைக்கு ஒரு மாட்டு வண்டி. பாய், பானை, கோழி, ஒரு சுரூபப் பெட்டிக்குள் கையளவு அந்தோணியார் சிலை. இருவரும் கிளம்பிவிட்டார்கள்.

திருவொற்றியூர் தாண்டி, மணல்மேடு ஒன்றுக்குப் பக்கத்தில் வண்டி போய்க்கொண்டிருந்தபோது ஞானப்பூ கேட்டாள்.

"அம்மி எங்க?"

மிக்கேலுக்கு அப்போதுதான் உறைத்தது. அம்மி ராயபுரத்தில், கொல்லைப்புறத்தில், குழவியோடு பத்திரமாக இருந்தது.

"அங்க போயி வேற வாங்கிக்கலாம்."

"எங்கம்மா தலையில தூக்கியாந்த அம்மி அது."

"ஒரு கல்லுக்காவ இவ்ளோ தூரம் திரும்பிப் போவ சொல்றியா?"

"கல்லா? அது கல்லா?"

ஞானப்பூ வண்டியிலிருந்து குதித்தாள். மேட்டின் மேல் ஏறி உட்கார்ந்தாள். அம்மி வராமல் ஓர் அடி நகர மாட்டேன் என்றாள். மிக்கேல் மேட்டின் மறுபக்கத்தில், முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தார். வண்டிக்காரர் இரண்டு சுருட்டு முடியும்வரை காத்திருந்தார். பிறகு சாமான்களை நடுவில் இறக்கி வைத்துவிட்டு, இரண்டு பேரிடமும் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டு போய்விட்டார்.

அவ்வளவுதான். எங்கள் ஊர் தோன்றிவிட்டது.

மற்ற ஊர்க்காரர்கள் தங்கள் முன்னோரைப் பற்றிச் சொல்லும்போது பொறாமையாக இருக்கும். ராஜா நிலம் கொடுத்தார், கனவில் சாமி வந்து இடத்தைக் காட்டியது என்பார்கள். எங்கள் ஊர் இரண்டு பேர் கோபித்துக்கொண்டு குந்திய இடம். ஞானப்பூ மேட்டின் மேல் உட்கார்ந்ததால் ஊருக்கு அவள் பெயர் வந்தது. மேட்டின் அந்தப் பக்கம் உட்கார்ந்த மிக்கேலுக்கு ஒன்றும் வரவில்லை.

பத்தாம் நாள், புகையைப் பார்த்து நெருப்புக் கேட்க ஒரு குடும்பம் வந்தது. வந்தவர்கள் இரண்டு பேரின் சண்டையைச் சமாதானம் செய்ய ஆரம்பித்து, அது முடியாததால் அங்கேயே குடிசை போட்டார்கள். அந்தக் குடும்பத்தின் இன்றைய வாரிசு துரைராஜ். தெற்குத் தெருவில் ஐஸ் கட்டி வியாபாரம். "மொத மொத வந்தது எங்காளுங்கதான், கவுறு வாங்க ஒரு நடை போயிட்டு வந்தாங்க, அதுக்குள்ள உங்காளு குந்திட்டாங்க" என்பது அவர் கட்சி. நூறு வருஷத்துக்கு முன் வாங்கப் போன கயிறு. அதை இன்னும் விடவில்லை அவர்.

கப்பிக்கு எண்ணெய் போடாத ஊர்

அந்த மேட்டில் ஓலையில் குட்டிக் கோயிலாக ஒரு கெபி கட்டி அந்தோணியாரை வைத்த வருஷம், முதல் கொடி. சவுக்குக் கம்பம் நட்டாகிவிட்டது. துணி இல்லை. மிக்கேல் யோசித்தார். யோசித்து, ஞானப்பூவின் நீலச் சேலையில் ஒரு முழம் கிழித்தார். அவளைக் கேட்கவில்லை.

கொடி கம்பத்தில் பாதி ஏறும்போதுதான் ஞானப்பூ அந்தத் துணியை அடையாளம் கண்டுகொண்டாள்.

அதற்குப் பிறகு நடந்ததை எங்கள் குடும்பத்தில் ஆளுக்கொரு விதமாகச் சொல்வார்கள். எல்லாரும் ஒத்துக்கொள்ளும் விஷயம் ஒன்று: இருவரும் கயிற்றை விடவில்லை. அவள் இறக்கப் பார்த்தாள், அவர் ஏற்றப் பார்த்தார், வாய் ஒரு பக்கம், கை ஒரு பக்கம். அந்த இழுபறியில் கொடி ஒரே துள்ளலில் உச்சிக்குப் போயிற்று. மறுநாள் கடலுக்குப் போனவர்களுக்கு வலை கிழிய வஞ்சிரம்.

அடுத்த வருஷம் ஞானப்பூவுக்குக் குழந்தை பிறந்திருந்தது. என் தாத்தாதான். இரண்டு பேரும் மனம் குளிர்ந்து, ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டே கயிற்றை இழுத்தார்கள். கப்பியில் சிக்கிக்கொண்டு கொடி பாதியில் நின்றது. இரண்டு வாரம் கழித்து அடித்த புயலில் பாதிக் குடிசைகள் போயின.

வேறு ஊராக இருந்தால் கப்பிக்கு எண்ணெய் போட்டிருப்பார்கள். எங்கள் ஊரில் புருஷன் பெண்டாட்டியைச் சண்டை போடச் சொன்னார்கள்.

அன்று தொடங்கியது இன்றுவரை நிற்கவில்லை. ஒவ்வொரு தலைமுறையும் ஒரு விதியைச் சேர்த்தது. கை நீட்டக் கூடாது. செத்தவர்களை இழுக்கக் கூடாது. போன வருஷச் சண்டையை இந்த வருஷம் போடக் கூடாது. சண்டை முடியும்வரை அந்தோணியார் முகத்தில் ஒரு துண்டைப் போட்டு மூடிவிட வேண்டும், அவர் காதில் விழுவது வேறு விஷயம். பங்குச் சாமியாருக்கு இந்த வழக்கம் பிடிக்காது. அந்த நேரம் பார்த்து டீ குடிக்கப் போய்விடுவார். டீக்கடை கெபிக்கு நேர் எதிரே இருக்கிறது என்பதால், அவர் முதுகைக் காட்டிக்கொண்டு குடிப்பார். தோள் குலுங்குவது மட்டும் எங்களுக்குத் தெரியும்.

முக்கியமான விதி: சண்டை உண்மையானதாக இருக்க வேண்டும். நாடகம் செல்லாது. உண்மையா நாடகமா என்று தீர்ப்புச் சொல்வது ஊர்ச் சங்கத் தலைவர். இப்போது குரூஸ். பழைய கிரேன் ஆபரேட்டர். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டே இருப்பார். மனதுக்குப் பட்டால், கிரேனுக்குக் கை காட்டுகிற மாதிரி கையை உயர்த்தி, "ஏத்து!" என்பார். படவில்லை என்றால் கயிறு அடுத்த குடும்பத்துக்கு. அதாவது துரைராஜ் கைக்கு. ஒருமுறை போனால் திரும்பி வராது.

மேரி அண்ணியின் பொற்காலம்

இதுவரை அது எங்கள் கையை விட்டுப் போனதே இல்லை. காரணம் என் அண்ணன் சேவியரும் மேரி அண்ணியும். இருபது வருஷத்துக்கு மேல் அவர்கள்தான் கொடி ஏற்றினார்கள். மிக்ஸி ஜாரின் மூடி எங்கே என்பதை வைத்து ஒரு வருஷம் அண்ணி முக்கால் மணி நேரம் பேசினாள். குறட்டை விடுவது யார் என்ற சண்டைக்குப் பக்கத்து வீட்டிலிருந்து சாட்சி கூப்பிட்டார்கள். குரூஸ் கை உயர்த்திய பிறகும் அண்ணி நிறுத்தவில்லை. கொடி ஏறி, மந்திரித்து, பொங்கல் கொடுத்து, எல்லாரும் கலைந்த பிறகும் அண்ணன் பின்னால் பேசிக்கொண்டே வீட்டுக்குப் போனாள்.

போன வருஷம் மழைக் காலத்தில் அண்ணி போய்ச் சேர்ந்தாள். கொடியேற்றத்துக்குத் தம்பதி வேண்டும். அண்ணன் தனி ஆள். அடுத்த மூத்த ஜோடி நாங்கள்.

திருவிழாவுக்கு ஒரு மாதம் இருக்கும்போது அண்ணன் வந்தார். எங்கள் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே வராமலேயே நின்றார்.

"ரெஜி, நம்ம கையை வுட்டுப் போவக் கூடாதும்மா. மேரி இருந்திருந்தா வுட்டுருப்பாளா?"

"போவாதுண்ணே. நான் பாத்துக்கறேன்."

"உன்னப் பத்தி எனக்குப் பயம் இல்ல. நீ செவுத்தோட கூடச் சண்ட போடுவ." உள்ளே எட்டிப் பார்த்து, குரலைத் தாழ்த்தினார். "மாப்ளைய நெனச்சாத்தான் பேஜாரா கீது."

அண்ணனின் கண் கலங்கியிருந்தது. இருபது வருஷம் தன்னைத் திட்டியவளுக்காக அழுகிற மனிதரை அன்றுதான் பார்த்தேன். அவருக்காகவாவது இதை விடக் கூடாது என்று அந்த நிமிஷமே முடிவு செய்தேன்.

பரவால்ல

என் வீட்டுக்காரர் யானைக்கவுனிக்காரர். அங்கே ஓர் அச்சகத்தில் பிழை திருத்துபவராக இருந்தார். கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி, திருவிழா நோட்டீஸ், எல்லாம் அவர் கண்ணைத் தாண்டித்தான் வெளியே போகும். எங்கள் ஊர் நோட்டீசும் அவர் திருத்தியதுதான். கல்யாணமான புதிதில், என் பள்ளிக்கூடம் பக்கம் என்பதால், ஞானப்பூ மேட்டுக்கே வந்துவிட்டார். முப்பத்தெட்டு வருஷம் ஆகிறது.

முப்பத்தெட்டு வருஷத்தில் அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. அவருக்குத் தெரிந்தது ஒரே வார்த்தை, 'பரவால்ல'. வெள்ளத்தில் வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர் நின்றபோதும் அதைத்தான் சொன்னார். பைக் திருடுபோனபோதும் அதேதான்.

பயிற்சியை உடனே தொடங்கினேன். கணக்கு டீச்சர் அல்லவா, அட்டவணை போட்டேன்.

முதல் நாள் மீன் குழம்பில் மூன்று பங்கு உப்பு. ஒரு வாய் வைத்தார். கண்ணில் தண்ணீர் வந்தது. மோரை எடுத்து ஊற்றிக்கொண்டு, "வெயில் காலத்துல ஒடம்புக்கு உப்பு வேணும்தான்" என்றார்.

இரண்டாம் நாள் அவருடைய வெள்ளைச் சட்டைகளைச் சிவப்புத் துண்டோடு ஊறவைத்தேன். ரோஜா நிறத்தில் சட்டை போட்டுக்கொண்டு கண்ணாடியில் பார்த்தார். "கலரு நல்லாத்தான் கீது. செவப்புக் காட்டுது என்னை."

மூக்குக் கண்ணாடியை ஒளித்து வைத்தேன். பேப்பரைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்துப் படித்தார். அவர் பார்த்துக்கொண்டிருந்த கிரிக்கெட்டின் கடைசி ஓவரில் டிவியை அணைத்தேன். "ஜெயிச்சிருப்பாங்க" என்றார்.

கடைசியில் நேராகவே கேட்டேன்.

"இன்னாங்க, உங்களுக்குக் கோவமே வராதா?"

"வரும்."

"எப்ப வரும்?"

கொஞ்சம் யோசித்தார். "வந்தா சொல்றேன்."

எரிச்சலில் நான்தான் கத்தினேன். பக்கத்து வீட்டில் டிவி சத்தத்தைக் குறைத்துக் கேட்டார்கள்.

இதற்கிடையில் தெற்குத் தெருவில் துரைராஜும் அவர் மனைவி ஸ்டெல்லாவும் எந்தப் பயிற்சியும் இல்லாமலே தினமும் காலை ஏழு மணிக்குத் தொடங்கிவிடுவார்கள். பிறவி வரம். நான் பால் வாங்கப் போகும்போது துரைராஜ் நடுவில் நிறுத்திவிட்டு, "இன்னா டீச்சர், மாப்ள எப்டி கீறாரு? கவுறு புடிக்க எங்கள ரெடியா இருக்கச் சொல்ட்டாரு தலைவரு" என்று சிரிப்பார். பிறகு ஸ்டெல்லா பக்கம் திரும்பி விட்ட இடத்திலிருந்து தொடருவார்.

என் முகத்துக்கு ஊர்க் கும்பிடு

கொடியேற்ற நாள் வந்தது. ஊர் வாசலில் பெரிய பேனர். 'ஊரின் ஆதித் தம்பதி' என்று தலைப்பு. மிக்கேலுக்கும் ஞானப்பூவுக்கும் போட்டோ கிடையாது. பேனர் கடைப் பையனுக்கு அதெல்லாம் ஒரு தடையா? சேவியர் அண்ணன் படத்துக்குத் தலைப்பாகை கட்டி மிக்கேல் ஆக்கிவிட்டான். ஞானப்பூவுக்கு என்னுடைய பழைய பள்ளி அடையாள அட்டைப் படம். வியர்த்து, கண்ணை மூடப் போகிற நேரத்தில் எடுத்தது. வயதானவர்கள் அந்தப் பேனர் முன்னால் நின்று நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு போனார்கள். எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

சாயங்காலம் ஐந்து மணி. அந்தோணியார் முகத்தில் துண்டு. சாமியார் டீக்கடையில் முதுகைக் காட்டியபடி. முன்வரிசையில் அண்ணன், மடியில் கை கோத்துக்கொண்டு. கம்பத்துக்குப் பக்கத்திலேயே துரைராஜும் ஸ்டெல்லாவும், கூப்பிட்டால் பாயத் தயாராக.

குரூஸ் நோட்டீசை எடுத்து வாசித்தார். "மிக்கேல் ஞானப்பூ வம்சத்துல வந்த திருமதி ரெஜினா டீச்சர் மற்றும் கணவர், இப்ப சண்ட போடுவாங்க."

கைதட்டல். நான் ஆரம்பித்தேன். மேரி அண்ணியை மனதில் நினைத்துக்கொண்டு, வெந்நீர் அடுப்பு, அவருடைய அக்கா, கதவைத் தாழிடாமல் தூங்குவது, என்று மூச்சு விடாமல் அடுக்கினேன். என் பங்கில் குறை இல்லை. குரூஸ் மூடிய கண்ணோடு தலையை ஆட்டினார்.

பிறகு மைக் அவர் பக்கம் போயிற்று. அப்போதுதான் அந்தத் தண்ணீர் விஷயம்.

"மாப்ள, திட்டுய்யா!" லாரி மேலிருந்து ஒருவன் கத்தினான்.

"சொம்மா ரெண்டு வார்த்த வுடு மாமு!"

அவர் எல்லாரையும் பார்த்துச் சங்கடமாகச் சிரித்தார். குரூஸ் ஒரு கண்ணைத் திறந்து கடிகாரத்தைப் பார்த்தார். துரைராஜ் கையைத் தேய்த்துக்கொண்டு ஓர் அடி முன்னால் வந்தார். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். அந்தக் குனிந்த தலையைப் பார்த்ததும் எனக்கு அழுகை முட்டியது. மைக்கைப் பிடுங்கினேன்.

"உங்களுக்கு நான் இன்னா கொறை வெச்சேன்? முப்பத்தெட்டு வருசத்துல ஒரு கொறை? தைரியம் இருந்தா சொல்லுங்க!"

அவர் சிரிப்பதை நிறுத்தினார்.

"சொல்லட்டா?"

"சொல்லுங்க!"

மைக்கை என் கையிலிருந்து மெதுவாக வாங்கினார். அச்சகத்தில் புரூஃப் தாளை வாங்குகிற மாதிரிதான், ஓரத்தைப் பிடித்து.

"இந்த ஊருக்கு வந்து முப்பத்தெட்டு வருசம் ஆவுது. ஊருக்கே நான் மாப்ள. கெயவனாயிட்டேன், இன்னமும் மாப்ள. ரேசன் கடையில டீச்சர் வூட்டுக்காரரு. ஆஸ்பத்திரில டீச்சர் இட்டுகினு வந்த பேசண்டு. நோட்டீசுல 'மற்றும் கணவர்'. அந்த நோட்டீச புரூஃப் பாத்தவனே நான்தான். பரவால்லன்னு வுட்டேன்."

கூட்டத்தில் இரண்டு பேர் சிரித்தார்கள். அவர் அவர்களைத் திரும்பிப் பார்த்தார். சிரிப்பு நின்றது.

"நீ பத்திரிகைல தொடர் எய்துற. இருபத்திரெண்டு வாரம் ஆச்சி. வாரா வாரம் நான்தான் திருத்துறேன். ழ, ள, ல எல்லாம் நான்தான் போடுறேன். உங்க பூட்டன் பேரு வந்துச்சி. உன்கூடப் படிச்சவங்க பேரு வந்துச்சி. ஹெட்மாஸ்டரு பேரு, பால்காரன் பேரு, அல்லாம் வந்துச்சி. டீக்கட நாயி, பிரவுனி, அது பேரு ரெண்டு வாரம் வந்துச்சி! ஒவ்வொரு வாரமும் பாக்கறேன், இந்த வாரமாச்சும் வருமான்னு. 'என் வீட்டுக்காரர்'. 'என் வீட்டுக்காரர்'. 'என் வீட்டுக்காரர்'. கமா கரெக்டா கீதான்னு பாத்து அனுப்பறேன்!"

கடைசி வார்த்தையில் ஸ்பீக்கர் கீச்சிட்டது. அவர் குரல் அது. எனக்கே புதிதாக இருந்தது.

நியாயமாக நான் வாயை மூடியிருக்க வேண்டும். ஆனால் ரத்தம் ஞானப்பூ ரத்தம்.

"பேனா உங்க கையிலதான இருந்துச்சி? ஒரு எடத்துல எய்திக்க வேண்டியதுதான?"

"நானே எய்திக்கினா அது பேராடி?" என்றார். "நீ எய்தணும்டி!"

டி. முப்பத்தெட்டு வருஷத்தில் முதல் டி. ஊர் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டது. டீக்கடையில் சாமியார் முழுசாகத் திரும்பிவிட்டார்.

மைக்கை என் முகத்துக்கு நேராக நீட்டினார்.

"சொல்லு. இந்த ஊருக்குச் சொல்லு. என் பேரு இன்னா?"

நீங்கள் வேறு மாதிரி நினைக்கக் கூடாது. புருஷன் பெயரைச் சொல்லக் கூடாது என்ற பழக்கமெல்லாம் எனக்கு எப்போதும் இருந்ததில்லை. வகுப்பில் நாற்பது பிள்ளைகளின் பெயரையும் முதல் நாளிலேயே மனப்பாடம் செய்பவள் நான். அவரைக் கூப்பிட வேண்டிய அவசியமே எனக்கு வந்ததில்லை, அவ்வளவுதான். எப்போது திரும்பினாலும் அவர் பக்கத்தில் இருந்தார்.

உண்மையை எழுதிவிடுகிறேன். ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, அந்தப் பெயர் எனக்கு வரவில்லை. வாயைத் திறந்தேன், ஒன்றும் வரவில்லை. அந்த ஒரு நொடியை அவர் பார்த்துவிட்டார் என்று நினைக்கிறேன். என் வாழ்க்கையில் அதைவிட வெட்கமான நொடி கிடையாது.

பிறகு சொன்னேன்.

"பாக்கியநாதன்."

"கேக்கல!" லாரியிலிருந்து குரல். அவர்கள் வேலை அது.

"பாக்கியநாதன்!" கத்தினேன். "யானைக்கவுனி பாக்கியநாதன்! என் புருசன் பாக்கியநாதன்! போதுமா?"

அழுதுகொண்டே கயிற்றைப் பிடித்து இழுத்தேன். அவரும் பிடித்தார். இன்னும் கோபம் தீரவில்லை அவருக்கு, அந்த வேகத்தில் இழுத்தார். கொடி பாதி தூரம் போன பிறகுதான் குரூசுக்கு நினைவு வந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஏத்து! ஏத்து!" என்று கையை உயர்த்தினார். அந்தோணியார் முகத்தில் இருந்த துண்டை எடுக்க எல்லாரும் மறந்துவிட்டார்கள்.

"செல்லாது!" என்றார் துரைராஜ். "அயுதா அது சண்டையே இல்ல!"

"நீ குந்துய்யா" என்றாள் ஸ்டெல்லா. "முப்பது வருசத்துல நீ என் பேர ஒரு தபா ஆசையாச் சொல்லிக்கீறியா?" அவர்கள் அங்கேயே ஆரம்பித்துவிட்டார்கள்.

அண்ணன் எழுந்து வந்தார். என்னிடம் வரவில்லை. நேராக அவரிடம் போய், இரண்டு கையாலும் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "மன்னிச்சிக்க பாக்கியநாதா" என்றார்.

"பரவால்ல" என்றார் அவர்.

இந்த அத்தியாயத்தை நேற்று எழுதி முடித்து, வழக்கம்போல் அவரிடம் கொடுத்தேன். சிவப்புப் பேனாவோடு ஜன்னல் பக்கம் உட்கார்ந்தார். வழக்கத்தைவிட அதிக நேரம் எடுத்துக்கொண்டார். திருப்பிக் கொடுத்தபோது நான்கு ழகரம், இரண்டு ஒற்றுப்பிழை திருத்தியிருந்தார். பாக்கியநாதன் என்ற பெயர் வந்த இடங்களில் ஒன்றை மட்டும் விட்டுவிட்டு மற்றதை எல்லாம் அடித்து, ஓரத்தில் பொடி எழுத்தில் எழுதியிருந்தார்: 'ஒரே பெயர் திரும்பத் திரும்ப வருகிறது. ஓர் இடத்தில் இருந்தால் போதும்.'

இருபத்திரண்டு வாரத்தில் அவர் செய்த ஒரு திருத்தத்தைக்கூட நான் மறுத்ததில்லை. இதை மட்டும் ஏற்கவில்லை. அவர் அடித்த எல்லா இடத்திலும் பாக்கியநாதன் என்று திரும்ப எழுதித்தான் தபாலில் போடுகிறேன்.